சிறுபொருளில் இல்லத் திரையரங்கு

கண்ணையும் செவியையும் ஒருங்கே மகிழ்விக்கும் கலைகளுள் திரைப்படம் தலைசிறந்ததொன்று. பலரோடு கூடியிருந்து காண்டற்குரிய இக்கலையை இந்நாளில் இல்லத்திற்கே அழைத்துவந்து, ஒரு சுவரின்மேல் விரித்துக் காண்டலும் இயல்வதாயிற்று. ஆயினும், நம் வீடுகள் பலவற்றில் நிகழ்வது யாது? தந்தை ஒரு கைபேசியிலும், மக்கள் வேறு கைபேசிகளிலும், பாட்டி கூடத்திலுள்ள தொலைக்காட்சியிலும் வெவ்வேறு படங்களைத் தனித்தனியே காண்கின்றனர். ஒரு கூரையின்கீழ் வாழ்ந்தும் ஒரு நகைச்சுவைக்கு ஒருங்கே நகைப்பதில்லை. இக்குறையை நீக்கக் கருதும் குடும்பம் தன் சேமிப்பிலிருந்து ஒரு தொகையை எடுத்து இல்லத் திரையரங்கு அமைக்க முற்படுகின்றது. அவ்வமயம் கடைவீதியிற் காணும் எண்களின் ஆரவாரத்தில் மயங்குமாயின், ஓராண்டு உழைப்பின் பயன் ஒரு நாளில் வீணாய்விடும். ஆதலின், சிறுபொருள் உடையார் எதனை முதலிற் பெறல் வேண்டும், எதனைப் பின்னர்ப் பெறல் வேண்டும், எதனைப் பெறாமலே விடலாம் என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

எம் முடிபை முதற்கண்ணே கூறிவிடுதல் நலம். பெரும்பாலோர், புரொஜெக்டர் எனப்படும் படவீழ்த்தியை முதலில் வாங்கி, எஞ்சிய பொருளில் ஒலிக்கருவி வாங்கி, அறையைப் பற்றி எண்ணாமலே விட்டுவிடுகின்றனர். யாம் கூறும் வரிசை இதற்கு மறுதலையானது. அறை முதலாவது; ஒலி இரண்டாவது; ஒளி மூன்றாவது. இதற்குரிய காரணங்களை ஒவ்வொன்றாகக் காண்பாம்.

ஒலியின் வரலாறு

திரைப்படம் நம் நாட்டிற்கு வந்த காலத்தில் அஃது ஊமையாகவே வந்தது. திருச்சிராப்பள்ளியில் இரயில்வேப் பணியிலிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்பார், 1905-ஆம் ஆண்டில் தூபான் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஒரு படவீழ்த்தியை விலைக்கு வாங்கி, ஊர்தோறும் கூடாரம் அடித்துப் படங்காட்டினார். அந்நாளில் மக்கள் அசையும் படத்தைக் கண்டதே வியப்பாயிற்று. 1931-ஆம் ஆண்டில் ‘காளிதாஸ்’ வெளிவந்து தமிழிற் பேசும் படத்திற்குக் கால்கோளிட்டது. அன்றுதொட்டுச் செவியும் தன் பங்கைக் கேட்கலாயிற்று.

அதே 1931-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஆலன் பிளம்லைன் என்னும் பொறியறிஞர் ஒரு குறையைக் கருதினார். திரையில் நடிகர் ஒரு புறத்திலிருந்து மறுபுறம் நடந்து செல்ல, அவர் குரல் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றொலித்தல் அவருக்குப் பொருந்தாததாகத் தோன்றிற்று. அவ்வாண்டின் இறுதியில் இரு வழி ஒலிப்பதிவிற்குரிய காப்புரிமையை அவர் வேண்டினார். 1940-ஆம் ஆண்டில் வால்ட் டிஸ்னியின் ‘பேண்டேஸியா’ பலவழி ஒலியுடன் நியூயார்க்கில் திரையிடப்பட்டது. 1992-ஆம் ஆண்டில் ‘பேட்மன் ரிட்டர்ன்ஸ்’ என்னும் படத்துடன் டால்பி நிறுவனத்தாரின் டிஜிட்டல் ஒலிமுறை அரங்குகளுக்கு வந்தது. முன்னே மூன்று, பக்கங்களில் இரண்டு, தாழ்ந்த ஒலிக்கெனத் தனியே ஒன்று எனப் பகுக்கும் இம்முறையையே ‘5.1’ என்று வழங்குகின்றனர். இவ்வரலாற்றால் அறியப்படுவது ஒன்றுண்டு. படத்தின் உருவத்தைக் கண் காண்கின்றது. அப்படம் நிகழும் இடத்தைச் செவியே கட்டுகின்றது. ஒளி சிறிது மங்கினும் கதை நடக்கும்; உரையாடல் விளங்காவிடின் கதை நின்றுவிடும்.

அறை

நம் ஊர்களிற் பல வீடுகளில் உள்ளதுபோன்ற, 12 அடி நீளமும் 10 அடி அகலமும் 10 அடி உயரமும் உடைய அறையொன்றை எடுத்துக்கொள்வாம். இவ்வறைக்கு முதலில் வேண்டுவது இருள்.

இருளைப் பொருளாகக் கூறுதல் சிலர்க்கு நகைப்பாகத் தோன்றலாம். ஆயின், படவீழ்த்தியால் ஒளியை வீசுதல் இயலுமேயன்றிக் கருமையை வீசுதல் இயலாது என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். திரையிற் கருமையாகத் தோன்றும் இடம், ஒளி விழாத வெறுஞ்சுவரே. அச்சுவர் எத்துணை இருண்டிருக்கின்றதோ அத்துணையே படத்தின் கருமையும் அமையும். கருவியிலிருந்து வரும் வெண்மை 16 பங்கு என்றும், சன்னலிடுக்கில் நுழைந்து திரையிற்படும் பகலொளி 1.6 பங்கு என்றும் கொள்வாம். இப்பொழுது வெண்மை 17.6, கருமை 1.6. ஒன்றற்கொன்று 11 மடங்கே வேற்றுமை. கருவியின் பெட்டிமேல் ‘பதினாயிரத்துக்கு ஒன்று’ என அச்சிட்டிருப்பினும், அவ்வறையிற் பெறுவது பதினொன்றுக்கு ஒன்றே. ஒரு தடித்த திரைச்சீலை இவ்விழப்பைப் போக்கும்; பன்மடங்கு விலையுள்ள கருவியாலும் அதனைப் போக்குதல் அரிது. திரைக்கு அருகிலுள்ள மேற்கூரையும் பக்கச் சுவர்களும் வெண்சுண்ணம் பூசப்பட்டிருப்பின், அவை திரையின் ஒளியை மீண்டும் திரைக்கே திருப்பிக் கருமையைக் கெடுக்கும். அவ்விடத்தில் மட்டும் மங்கிய நிறம் பூசுதல் நன்று.

இரண்டாவதாக வேண்டுவது எதிரொலி அடங்குதல். 1895-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள ஹார்வர்டுப் பல்கலைக்கழகத்தில், பாக் கலைக்கூடத்தைச் சார்ந்த விரிவுரை மண்டபத்திற் பேசுவோர் சொல் ஒருவர்க்கும் விளங்காதாயிற்று. அதனைச் சீர்செய்யுமாறு வாலஸ் ஸபைன் என்னும் இளம் பேராசிரியர் பணிக்கப்பட்டார். அவர் அருகிலிருந்த ஸாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவுதோறும் சுமப்பித்துக் கொணர்ந்து மண்டபத்திற் பரப்பி, மெத்தை மிகுந்தோறும் எதிரொலி குறைதலை அளந்து கண்டார். அறையின் கொள்ளளவு மிகுந்தால் ஒலி நீளும். ஒலியை உறிஞ்சும் பொருள் மிகுந்தால் ஒலி குறுகும் என்பதே அவர் கண்ட விதி.

இவ்விதியை நம் அறைக்கு ஏற்றிப் பார்ப்பாம். அறையின் கொள்ளளவு 1,200 கன அடி. சுவர், தளம், கூரை ஆகியவற்றின் பரப்பு 680 சதுர அடி. சுண்ணாம்புச் சாந்தும் கல்தளமும் ஒலியை நூற்றுக்கு மூன்று பங்கே உறிஞ்சும் எனக் கொண்டால், வெற்றறையில் ஓர் ஓசை அடங்க ஏறத்தாழ 3 வினாடி ஆகும். ஒரு சொல் அடங்குமுன் ஐந்தாறு சொற்கள் அதன்மேல் வந்து விழும். இனி, நூறு சதுர அடி அளவிற்கு மடிப்புவைத்த தடித்த சீலைகளைத் தொங்கவிட்டு, தரையில் ஜமக்காளமும் மெத்தையும் விரித்து, நால்வர் அமர்ந்தால், அக்காலம் ஏறத்தாழ அரை வினாடியாகக் குறையும். பழைய மெத்தையும், நூல்கள் நிரம்பிய அலமாரியும், பருத்திச் சீலையும் பெரும்பாலும் வீட்டிலேயே உள. ஆதலின், சிறுபொருள் உடையார்க்கு மிக்க பயன் தருவது இவ்வறையே.

ஒலிக்கருவிகள்

இனி ஒலிக்கருவிகளைப் பற்றிக் கூறுவாம். இவற்றுள் முதன்மையானவை ஸ்பீக்கர் எனப்படும் ஒலிபெருக்கிகளும், அவற்றை இயக்கும் ஆம்பிளிபையரும் ஆகும்.

கடைகளில் வாங்குவோரை மயக்கும் முதல் எண் வாட்டு. ‘பி.எம்.பி.ஓ.’ என்னும் எழுத்துக்களுடன் ஆயிரக்கணக்கில் அச்சிடப்படும் எண்ணுக்கு ஒத்துக்கொள்ளப்பட்ட அளவுமுறை ஒன்றும் இல்லை. ‘ஆர்.எம்.எஸ்.’ என்னும் அளவே தொடர்ந்து தரும் ஆற்றலைக் குறிப்பது. அதனையே கேட்டறிதல் வேண்டும். மற்றும், வாட்டினும் முக்கியமானது ஒலிபெருக்கியின் உணர்திறன். ஒரு வாட்டுக் கொடுத்து ஒரு மீட்டர் தொலைவில் அளந்தால் எத்தனை டெஸிபெல் ஒலிக்கும் என்பதே உணர்திறன். இவ்வளவு 87 எனின், ஒரு வாட்டே 8 அடித் தொலைவில் இருப்போர்க்கு 79 டெஸிபெல் அளவிற் கேட்கும். இயல்பான உரையாடல் ஏறத்தாழ 60 டெஸிபெல்தான். ஆகவே, பேச்சிற்கு ஒரு வாட்டும் மிகையே. 3 டெஸிபெல் உயர ஆற்றல் இருமடங்காதல் வேண்டும். 10 டெஸிபெல் உயரப் பதின்மடங்காதல் வேண்டும். 87 உடைய ஒலிபெருக்கி 100 வாட்டில் தரும் ஒலியை, 90 உடையது 50 வாட்டிலேயே தந்துவிடும். இஃதறிந்தோர் சிற்றறைக்கு ஆயிரம் வாட்டு வேண்டாம் எனத் தெளிவர்.

அடுத்த வினா, எத்தனை ஒலிபெருக்கி என்பது. ஐந்து எளியவற்றை ஒருங்கே வாங்குவதினும் இரண்டு நல்லவற்றை முதலில் வாங்குதலே எம் கருத்து. அவ்விரண்டையும் திரையின் இருபுறத்தும் செவியளவு உயரத்தில் வைத்து நடுவே அமர்ந்தால், உரையாடல் திரையின் நடுவிலிருந்தே எழுவதுபோல் தோன்றும். குடும்பத்தார் பலராய்ப் பக்கங்களிலும் அமரும் நிலை வரும்பொழுது, மூன்றாவதாக நடு ஒலிபெருக்கி வேண்டும். 5.1 முறையில் உரையாடலின் பெரும்பகுதி அதன் வழியாகவே வருதலின், ஓரத்தில் அமர்ந்த பாட்டிக்கும் சொல் திரையிலிருந்தே கேட்கும். பக்க ஒலிபெருக்கிகள் இரண்டும் இறுதியில் வரலாம். அவையின்றியும் படம் குறைவுறாது. இங்ஙனம் படிப்படியாகச் சேர்க்கக் கருதுவோர், ஐந்து வழிகளையும் தாங்கும் ஏ.வி. ரிஸீவர் ஒன்றை முதலிலேயே தேர்ந்துகொள்ளுதல் நலம்.

தாழ்ந்த ஒலிக்குரிய ஸப்வூபரைப் பற்றி ஒரு சொல். இடியும் முரசும் இதன் வழியே ஒலிக்கும். ஒலி ஒரு வினாடியில் 1,125 அடி செல்லுதலின், 47 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை ஏறத்தாழ 24 அடி நீளமுடையது. அதில் பாதி நம் அறையின் 12 அடி நீளத்திற்குச் சரியாகப் பொருந்தும். அவ்வொலி அறையிற் சிக்கி ஓரிடத்தில் முழங்கும், மற்றோரிடத்தில் மறையும். அவ்வாறே 10 அடி அகலத்திற்கு 56 ஹெர்ட்ஸ் பொருந்தும். உயரமும் 10 அடியேயாதலின் அவ்வொலி இருமுறை மிகும். இதனைப் பொருட்செலவின்றித் திருத்த ஒரு வழியுண்டு. ஸப்வூபரை நாம் அமரும் இருக்கையில் வைத்துத் தாழ்ந்த ஒலியுள்ள இசையை இயக்கி, சுவரோரமாகக் குனிந்து நடந்து கேட்க. எவ்விடத்தில் ஒலி மிகாமலும் மறையாமலும் சமமாகக் கேட்கின்றதோ, அவ்விடமே அதனை வைத்தற்குரிய இடம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஒலி எத்திசையிலிருந்து வருகின்றதெனச் செவி எளிதில் அறியாதாதலின், அது மூலையில் இருப்பினும் குற்றமில்லை.

கருவிகளை இணைக்குங்கால் புளூடூத் வழியைத் தவிர்த்தல் நன்று. அவ்வழியில் ஒலி சிறிது காலந்தாழ்த்து வருதலின், இதழசைவு முந்தும், சொல் பிந்தும். எச்.டி.எம்.ஐ. கம்பியாலேனும் ஒளியிழைக் கம்பியாலேனும் இணைத்தல் தக்கது.

ஒளியும் திரையும்

படவீழ்த்தியின் ஒளியை லூமன் என்னும் அளவாற் கூறுவர். ஈண்டும் எண்மயக்கம் உண்டு. வெண்ணிறத் திரையை ஒன்பது சமபாகமாகப் பகுத்து, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒளியை அளந்து, சராசரி கண்டு, பரப்பாற் பெருக்கிக் கூறுவதே ‘ஆன்ஸி லூமன்’. அமெரிக்கத் தரநிறுவனம் 1992-ஆம் ஆண்டில் வகுத்த முறை இது. ‘ஆன்ஸி’ என்னும் சொல்லேனும் ‘ஐ.எஸ்.ஓ. 21118’ என்னும் குறியேனும் இன்றி வெறுமனே ‘9,000 லூமன்’ என்றிருப்பின், அதனை நம்பிப் பொருளைக் கொடுத்தல் ஆகாது.

நமக்கு வேண்டும் ஒளி எவ்வளவு? டிஜிட்டல் திரையரங்குகளுக்கு வகுத்த அளவு, வெண்மையான சாதாரணத் திரையில் ஒரு சதுர அடிக்கு 14 லூமன். மூலைவிட்டம் 80 அங்குலமுள்ள அகன்ற திரையின் பரப்பு 19 சதுர அடி. அதற்கு ஏறத்தாழ 270 லூமன் போதும். 100 அங்குலத்திற்கு 30 சதுர அடி, 420 லூமன். 120 அங்குலத்திற்கு 43 சதுர அடி, 600 லூமன். விளக்கு நாளடைவில் மங்குமாதலானும், நிறம் செம்மையாகத் தோன்றும் அமைப்பில் ஒளி குறையுமாதலானும், இவற்றின் இருமடங்கு உள்ள கருவியைத் தேர்தல் அமையும். இக்கணக்கெல்லாம் இருண்ட அறைக்கே பொருந்தும் என்பதை மறவற்க. அறையை முதலிற் கூறியதன் காரணம் இப்பொழுது விளங்கும்: இருளைப் பெற்றவன் சிறு விளக்கால் பெரும்படம் காண்பான்.

இனித் திரையின் அளவு. கருவிக்கும் திரைக்கும் உள்ள தொலைவைத் திரையின் அகலத்தால் வகுத்து வருவதை வீச்சு விகிதம் என்பர். 1.5 விகிதமுள்ள கருவி, 5.8 அடி அகலமுள்ள 80 அங்குலத் திரைக்கு 8.7 அடித் தொலைவில் நிற்கும். 100 அங்குலத்திற்கோ 10.9 அடி வேண்டும். கருவியின் உடலும் அதன் பின்னே காற்றுக்குரிய இடமும் சேர நம் 12 அடி அறை முடிந்துவிடும். ஆதலின், வாங்குமுன் அளவுநாடாவைக் கையிற்கொண்டு அறையை அளத்தல் இன்றியமையாதது. கருவியைச் சாய்த்து வைத்து, ‘கீஸ்டோன்’ என்னும் திருத்தத்தால் படத்தை நேராக்கலாம் என்பர். அது படப்புள்ளிகள் சிலவற்றை இழந்து பெறும் நேர்மை. கருவியை முதலிலேயே நேராக நிறுத்துதல் செலவற்றது.

புள்ளிகளைப் பற்றியும் கூறுதல் வேண்டும். 1920-க்கு 1080 என்னும் அமைப்பில் ஏறத்தாழ 20 இலக்கம் புள்ளிகள் உள. 4கே என்பதில் அதன் நான்கு மடங்கு. நற்பார்வையுள்ள கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்தறியும் எனக் கொண்டால், 80 அங்குலத் திரையில் 1080 அமைப்பின் புள்ளிகள் பத்தரை அடிக்கு அப்பால் தனித்துத் தோன்றா. நம் அறையில் ஒன்பது பத்தடியில் அமர்வோர்க்கு 4கே தரும் மிகுதி சிறிதே. விலையின் மிகுதியோ பெரிது. ஆயின், ‘1080 ஏற்கும்’ என்பது வேறு, ‘1080 தன் இயல்பாக உடையது’ என்பது வேறு. முன்னது, பெரிய படத்தை வாங்கிக்கொண்டு சிறிய படமாகக் குறைத்துக் காட்டும் கருவிக்கும் பொருந்தும். இயல்பான அளவு யாது எனக் கேட்டே வாங்குக.

கருவியின் உள்ளமைப்பு பெரும்பாலும் இருவகைப்படும். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹார்ன்பெக் 1987-ஆம் ஆண்டிற் கண்ட நுண்ணாடிகளால் இயங்குவது டி.எல்.பி.; திரவப் படிகத்தால் இயங்குவது எல்.ஸி.டி. ஒற்றைத் துண்டு டி.எல்.பி. கருவியிற் சிலர் கண்களுக்கு வானவில் போன்ற நிறக்கீற்றுத் தோன்றும், எல்லார்க்கும் தோன்றாது. ஆதலின், வீட்டிலுள்ளோரை உடனழைத்துச் சென்று காட்டுதல் தக்கது. பழைய பாதரச விளக்குகள் சில ஆயிரம் மணிநேரத்தில் மாற்றத்தக்கன, எல்.ஈ.டி., லேஸர் ஒளியுடையவை பெரும்பாலும் 20,000 மணிநேரம் எனக் குறிக்கப்படுகின்றன. நாள்தோறும் இரண்டு மணி காண்போர்க்கு அஃது இருபத்தேழாண்டு. விளக்கின் விலையையும் கணக்கிற் சேர்த்தே மலிவை அறிதல் வேண்டும்.

திரைக்கெனத் தனியே பொருள் செலவிடல் முதலாண்டில் வேண்டியதில்லை. மேடுபள்ளமின்றித் தேய்த்து, மினுக்கமில்லா வெண்ணிறம் பூசிய சுவரே நல்ல திரை. சுற்றிலும் நான்கு விரல் அகலம் கரும்பட்டை வரைந்தால் படம் எடுப்பாகத் தோன்றும்.

பொருட் பங்கீடு

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, கையிலுள்ள தொகையைப் பத்துப் பங்காக்கி, ஒரு பங்கை அறையின் சீலைக்கும் வண்ணத்திற்கும், ஐந்து பங்கை ஒலிக்கும், நான்கு பங்கை ஒளிக்கும் அளித்தல் தகும் என்பது எம் துணிபு. ஒலிக்குக் கூடுதலாக அளித்தற்குக் காரணம் ஒன்று உண்டு. படவீழ்த்திகள் ஆண்டுதோறும் புதியனவாய் மாறுகின்றன, விளக்கும் தேய்கின்றது. நல்ல ஒலிபெருக்கியோ பேணுவார் கையிற் பல்லாண்டு நிலைக்கும். நாளைக்கு வேறு திரை வரினும் அதனோடு இசைந்து ஒலிக்கும்.

பிறர் பயன்படுத்தியதை வாங்குதலும் இழிவன்று. ஒலிபெருக்கியாயின், கூம்பின் விளிம்பிலுள்ள நுரைப்பட்டை வெடித்திராமை நோக்குக. படவீழ்த்தியாயின், விளக்கு எரிந்த மணிக்கணக்கைக் கருவியின் பட்டியலிற் காண்க. புதியதாயினும் பழையதாயினும், கடைக்காரர் காட்டும் வெடிமுழக்கக் காட்சியைக் கொண்டு மதிப்பிடற்க. நாம் நன்கறிந்த படமொன்றைக் கொண்டுசென்று, இருவர் தாழ்ந்த குரலிற் பேசும் காட்சியைக் கேட்க; இரவுக் காட்சியொன்றைக் காண்க; திரையின் நான்கு மூலைகளிலும் எழுத்துத் தெளிவாக உளதா என நோக்குக. இம்மூன்றிலும் தேறிய கருவி, மற்றவற்றிற் பெரிதும் தவறாது.

மாணவத் தோழர்களே! விடுமுறையில் இல்லஞ் செல்லுங்கால், ‘எந்தக் கருவி நல்லது?’ என்று நும்மையே வீட்டார் கேட்பர். படித்த பிள்ளை கூறினான் என்று நம்பித் தம் சேமிப்பை எடுத்துக் கொடுப்பர். அந்நம்பிக்கை பெரிது. கருவியின் பெயரைக் கூறுமுன் அறையை அளந்து, சன்னலை மூடி, கையைத் தட்டி எதிரொலியைக் கேட்டு, அதன்பின் கடைக்குச் செல்வீராக. பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணை அளக்கத் தெரியாதவனுக்கே அவ்வெண் பெரிதாகத் தோன்றும். அளந்து வாங்கிய சிறு கருவியின் முன், பாட்டியும் பேரனும் ஒரே பாயில் அமர்ந்து, ஒரே சொல்லைக் கேட்டு, ஒருங்கே நகைப்பாராயின், செலவிட்ட பொருள் பயன்பட்டதென்பதற்கு வேறு சான்று வேண்டா.